எனக்குக் காற்று மறைத்தவர்களுக்கு

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேட்டு மக்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பந்தல் போட்டு, சால்வை போர்த்தி, பிரியாணியோடு எனக்கு ரிட்டயர்மென்ட் விழா எடுத்தீர்கள். மைக்கைக் கொடுத்ததும் தொண்டை அடைத்துவிட்டது. "எல்லாருக்கும் நன்றி" என்று நாலு தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். பேனரில் 'சாம்பியன்' என்று போட்டிருந்தீர்கள். 16 வருஷம் சைக்கிளில் ரோடு ரேஸ் ஓட்டியதில் நான் தனியாக ஜெயித்தது இரண்டே இரண்டு. மற்றபடி என் வேலை, டீமில் ஜெயிக்கக்கூடியவனுக்கு முன்னால் போய் எதிர்க்காற்றை என் மேல் வாங்கிக்கொள்வது. பின்னால் ஒட்டி வருகிறவனுக்கு உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். பனியனுக்குள் ஐந்தாறு தண்ணீர் பாட்டிலைச் செருகிக்கொண்டு வந்து கொடுப்பதும் நான்தான். பெல்ஜியம் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ், டூர் டி பிரான்ஸ் ரேஸை 5 முறை ஜெயித்தவர். அவருக்குக் காற்று மறைத்தவர்கள் பெயர் எனக்கே சட்டென்று வராது.

சரி, எனக்கு மறைத்தவர்களுக்கு வருகிறேன்.

கொருக்குப்பேட்டை சைக்கிள் கடை பாய். சர்வதேச ரேஸ் வண்டி 6.8 கிலோ வரை இறங்கலாம்; என்னிடம் இருந்ததோ அப்பாவின் 20 கிலோ வண்டி. கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாவற்றையும் பாய்தான் கழற்றினார். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் ஓரமாக சாக்பீஸ் துண்டைப் பிடிப்பார். கோடு விழுகிற இடத்தில் போக்ஸ் கம்பியைக் கால் திருப்பு திருப்புவார். கோடே விழாமல் கோட்டம் எடுத்த பிறகுதான் என்னை விடுவார். காசு எவ்வளவு என்றால், "கப்பு வாங்கினு வா, அப்புறம் பாத்துக்கலாம்." கப்பு வந்தது, காசு மட்டும் வாங்கவே இல்லை. அப்பா கேரியரைத் தேடியது தனிக் கதை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்த என்னை, வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிவந்து பளாரென்று அறைந்த டிரைவர் அண்ணே, நீங்கள் யாரென்று இன்றுவரை தெரியாது. "உங்கம்மாவுக்கு யார்டா பதில் சொல்றது?" என்றீர்கள். அன்றோடு விட்டேன்.

காறை எலும்பு முறிந்து கிடந்தபோது தினமும் சுறாப்புட்டு கொண்டுவந்த காசிமேட்டு அக்கா. "பிள்ளை பெத்தவளுக்குத்தானே அது?" என்று கிண்டல் செய்த என் நண்பர்களுக்கும் ஆளுக்கொரு கை அள்ளிக் கொடுத்தீர்கள்.

ஒரு வருஷம் டீம் தேர்வுப் பட்டியலிலிருந்து என் பெயர் காணாமல் போனது. அதை இப்போது கிளற வேண்டாம். அன்று ராத்திரி, எனக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் என் வீட்டுக்கு வந்தார். ஆறுதல் ஒரு வார்த்தை இல்லை. உப்புக் காற்றில் துருவேறிய என் செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, டூத் பிரஷ்ஷால் தேய்த்து முடித்தார். "காலையில நாலு மணி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். போனேன்.

வரும் ஞாயிறு அதே நாலு மணிக்கு டோல்கேட்டில் நிற்பேன். மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. பசங்களை அனுப்புங்கள். ஹெல்மெட் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். காற்றுக்கு முன்னால் நான் போகிறேன், முட்டி ஒத்துழைக்கும் வரை.

பந்தல்காரருக்குப் பாக்கி ஏதும் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.