சாப்பிடறப்ப தண்ணி குடிச்சா செரிக்காதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஆரோக்கியப் பக்கத்துல, சாப்பாட்டுக்கு நடுவுல தண்ணி குடிச்சா வயித்துல இருக்கற ஆசிட் நீர்த்துப் போய் சாப்பாடு அப்படியே அழுகிடும்னு கட்டம் கட்டி போட்டிருந்தீங்க. நான் நர்சிங் படிச்சவ, இப்ப வேலைக்குப் போகல, ஆனாலும் இத படிச்சிட்டு சும்மா இருக்க மனசு வரல.

இரைப்பை என்ன அளந்து ஆசிட் ஊத்தி மூடி வச்ச ஜாடியா? சாப்பாடு உள்ள போகப் போக அது பாட்டுக்கு சுரந்துகிட்டே இருக்கும், ஒரு நாளைக்கு சுமாரா 2 லிட்டர் வரும். சாப்பாடு போய் ஆசிட்டோட வீரியம் கொறைஞ்சா காஸ்ட்ரின்னு ஒரு ஹார்மோன் இன்னும் சுரன்னு வெரட்டும். வெறும் தண்ணி அங்க ரொம்ப நேரம் தங்காது, கெட்டியான சாப்பாட்ட முந்திகிட்டு சிறுகுடலுக்கு எறங்கிடும். அந்த ஆசிட்ட சிறுகுடல் வாசல்லயே கணைய நீர் வந்து முறிச்சிடும், முக்கால்வாசி செரிமானம் அதுக்கு அப்புறம்தான் நடக்குது, ஆசிட்டே இல்லாத எடத்துல! நாம குடிக்கறது, எச்சில், பித்தம்னு எல்லாம் சேத்து தினம் 8, 9 லிட்டர் குடலுக்குள்ள வருது, அதுல ஒரு டம்ளர் தண்ணி எந்த மூலைக்கு? அப்படிப் பாத்தா நாம ரசமும் மோரும் ஊத்திக்கவே கூடாதே சார்.

வயித்துக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒருத்தர் நேர்லயே பாத்திருக்கார். 1822ல அமெரிக்காவுல மேக்கினாக் தீவுல அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின்னு ஒரு கூலித் தொழிலாளிக்கு தவறுதலா துப்பாக்கி குண்டு பாஞ்சு, ஆள் பொழைச்சுட்டார், ஆனா வயித்துல ஓட்டை மூடவே இல்ல. வைத்தியம் பாத்த ராணுவ டாக்டர் வில்லியம் பியூமான்ட் 1825ல அந்த ஓட்டை வழியா பட்டு நூல்ல மாட்டுக்கறி, பன்னிக்கறி, ரொட்டி, பச்சை முட்டைகோஸ்னு துண்டு துண்டா கட்டி உள்ள விட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு இழுத்துப் பாத்தா ரொட்டியும் கோஸும் பாதி கரைஞ்சிருக்கு, கறி அப்படியே இருக்கு. இன்னொரு மணி நேரத்துல வேகவச்ச கறியும் காணோம். அழுகலங்க, கரைஞ்சிருக்கு. (அந்த மனுஷன் பட்ட பாட்ட நெனச்சா பாவமாதான் இருக்கு, டாக்டருக்கு பேரு, இவருக்கு ஓட்டை.)

இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, எங்க மாமனாருக்கு எச்சில் சரியா ஊறாது, சப்பாத்தி தொண்டையில நிக்கும். உங்க பக்கத்த படிச்ச நாள்லேருந்து விக்குது விக்குதுன்னு தவிக்கறார், டம்ளர நீட்டினா "அரை மணி நேரம் கழிச்சுதான்மா"ங்கறார். புத்தகத்துலயே போட்டிருக்கான்ங்கறார், நான் சொன்னா எடுபடுமா? வயசானவங்களுக்கு பொரை ஏறினா அது எவ்ளோ ஆபத்துன்னு எழுதினவருக்கு தெரியுமான்னு தெரியல.

நெஞ்செரிச்சல் இருக்கறவங்க ஒரே நேரத்துல வயிறு முட்ட குடிக்க வேணாம்ங்கறது நியாயம், கிட்னி, ஹார்ட் பிரச்சனைக்கு டாக்டர் அளவு சொல்லியிருந்தா அதுவும் சரி. அத மட்டும் போட்டிருந்தா நான் இத எழுதியே இருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் "குடல் சுத்தம் செய்வது எப்படி"ன்னு அறிவிப்பு பாத்தேன். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு குடல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க சார், ப்ளீஸ்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்