நஸீமா, வீட்டை வாங்கியது நான்தான்

நஸீமா,

உன் உம்மாவின் வீட்டை வாங்கியது நான்தான். தரகர் வாயிலிருந்தோ புத்தளம் தில்லையடியில் இருக்கும் உன் சாச்சா வாயிலிருந்தோ உனக்குத் தெரியவருமுன் நானே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். முந்திவிட்டார்கள். நீ ஒரே ஒரு வரி அனுப்பினாய்: “மலிவாகக் கிடைத்திருக்குமே.” அதன் பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை. இந்தப் பக்கத்தை நீ அவ்வப்போது வாசிப்பதாக உன் மகள் சொன்னாள். ஆகவே இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிப்பார்கள். சில இடங்களில் பாதியில் நிறுத்தினால், அது அவர்களுக்காக நிறுத்தியது.

இன்று ஒக்டோபர் 30. 1990 இல் இதே நாளில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொல்லி 35 வருடம். அன்று என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

மலிவுதான். வாடகை வீடுகளில் 17 வருடம் இருந்தவளுக்கு அந்தச் சொல்லில் உள்ள குத்தல் விளங்காமல் போகாது. கந்தர்மடத்தில் ஒரு பரப்புக் காணிக்குக் கேட்கிற விலை, கனடாவில் இருந்துகொண்டு யோசிக்கிற விலை. நல்லூர்ப் பக்கம் விசாரிக்கவே கூச்சமாக இருந்தது. ஆசிரியைச் சம்பளத்தைப் பார்த்து வங்கி தருகிற கடனுக்கு மாதகலுக்கு அப்பால் கடலில்தான் காணி வாங்கலாம் என்று என் கணவர் பகிடியாகச் சொல்வார். 2022 இல் சீமெந்துப் பை மூவாயிரம் ரூபாயைத் தாண்டியபோது அந்தப் பகிடியும் நின்றுபோனது. உங்கள் ஒழுங்கையில் கேட்டது கந்தர்மடத்து விலையில் பாதிகூட இல்லை. எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன். மீதிப் பணம் யார் அனுப்பியது என்பதையும் எழுதமாட்டேன், உறவினர்கள் வாசிக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு குறைவு என்பதற்குத் தரகர் காரணங்களை அடுக்கினார். ஒழுங்கை ஒடுக்கம், லொறி உள்ளே வராது. கூரை இல்லை. நடு அறைக்குள் ஆலங்கன்று வளர்ந்து மரமாகிவிட்டது. கிணறு பங்குக் கிணறு. உண்மையான காரணத்தை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பது?

எங்களுக்கும் காணி இருக்கிறது, நஸீமா. உனக்குத் தெரியும், நாங்கள் எங்கிருந்து ஓடிவந்து உங்கள் முன்னறையில் குந்தினோம் என்று. வலிகாமம் வடக்கில் அந்த நாலு பரப்பு இன்னும் இராணுவத்தின் கம்பிவேலிக்கு உள்ளேதான் கிடக்கிறது. 2017 இல் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டபோது எங்களுடையதும் வரும் என்று அம்மா பொங்கல் பானை வாங்கி வைத்தார். விட்ட எல்லை எங்கள் வளவுக்கு மூன்று வளவு இப்பால் நின்றுவிட்டது. போர் முடிந்த பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் வீட்டுக்கு 5,50,000 ரூபாய் கொடுத்தார்கள். வீடு கட்டும் நிலத்தைக் காட்ட வேண்டும். எங்கள் நிலத்தையும் காட்டலாம்தான்: தூரத்தில் நின்று, விரலால்.

இதையெல்லாம் நியாயம் என்றுதான் எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்துப் பார்த்தால் கடன்காரன் சொல்கிற சாட்டுப் போல இருக்கிறது.

ஒன்றை மட்டும் நம்பு. இன்னும் மலிவாக வாங்கியிருக்கலாம். உறுதிப் பத்திரம் இல்லாமல், காணி கையில் இருக்கிற ஆட்சியை மட்டும் காட்டி விற்க ஆட்கள் இருந்தார்கள். பத்து வருட ஆட்சி இருந்தால் உரிமை வந்துவிடும் என்று ஒருவர் எனக்கே வகுப்பு எடுத்தார். 1983 மே மாதம் முதல் 2009 மே மாதம் வரை போரினால் தங்கள் காணிக்கு வரமுடியாமல் போனவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிட முடியாது என்று 2016 இல் சட்டமே வந்துவிட்டது என்றேன். “டீச்சர், சட்டம் இருக்கட்டும், வழக்குப் போட அவர்கள் வரவா போகிறார்கள்?” என்றார். எழுந்து வந்துவிட்டேன். சுத்தமான உறுதி உள்ள வீடு வேண்டும் என்று நின்றேன். சுத்தமான உறுதி தேடிப் போனபோதுதான் உங்கள் வீடு வந்தது.

சட்டத்தரணி பழைய உறுதிகளின் பிரதிகளை எடுத்து மேசையில் பரப்பினார். 1974, சீதன உறுதி: உன் மூத்தாப்பா உம்மாவுக்கு எழுதியது. காணி ஒன்றேகால் பரப்பு, கல்வீடு, பங்குக் கிணறு, பயன்தரு மரங்கள். அடுத்தது 2003, புத்தளத்தில் முடித்த அறுதி உறுதி: மூன்று இலட்சத்து இருபதாயிரம் ரூபாய். கீழே உம்மாவின் கையெழுத்து. முதல் எழுத்தை மட்டும் பேனாவால் அழுத்தி அழுத்தி எழுதியிருந்தார். அந்தத் தொகையைப் பார்த்ததும் சட்டத்தரணி சிரித்தார். “நல்ல பேரம்” என்றார். நானும் சிரித்தேன், நஸீமா. பழக்கதோஷம், பெரியவர் சிரித்தால் சிரிக்கிறது. வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகுதான் அந்த வருடக் கணக்கு ஓடியது. 2003. உனக்குக் கல்யாணம் ஆன வருடம். உனக்குச் சீதனமாக வரவேண்டிய வீட்டை விற்று உன்னைக் கரையேற்றியிருக்கிறார்கள்.

உம்மாவிடமிருந்து வாங்கியவர் ஒரு நாளும் அங்கே குடியிருக்கவில்லை. விலை ஏறட்டும் என்று வைத்திருந்தார். ஆகவே நான் உன்னிடமிருந்து வாங்கவில்லை, அவரிடமிருந்துதான் வாங்கினேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அம்மாவிடம் அதையே சொன்னேன். அம்மாவுக்கு 78 வயது, காது மந்தம். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார்: “அந்தச் சோற்றுப் பானை எங்கே போனது?”

பானையின் கதை உனக்குத் தெரியாது. அன்றைய நாளில் உனக்குத் தெரியாத ஒரே பகுதி அதுதான்.

வாப்பா, உங்கள் ஆட்களைக் கூப்பிட்டிருந்த ஜின்னா மைதானத்திலிருந்து திரும்பி வந்து படலையைப் பிடித்துக்கொண்டு நின்றதும், பிறகு உங்கள் வீட்டுக்குள் எழுந்த சத்தமும் எனக்குக் கேட்டது. முன்னறைக் கதவை அம்மா சாத்திவிட்டார். நான் இடுக்கால் பார்த்தேன். நீ பெருநாள் சட்டைக்கு மேலே பள்ளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையைக் கீழே விடமுடியாமல் பொம்மைபோல் நின்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது வயது. உம்மா படி இறங்கியவர் திரும்பி எங்கள் கதவைப் பார்த்து, “அடுப்பில் சோறு இருக்கிறது, பார்த்து இறக்குங்கள்” என்றார். பக்கத்துக் கடைக்குப் போகிறவர் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக.

அம்மா உடனே போகவில்லை. ஒழுங்கையில் காலடிச் சத்தம் ஓயும்வரை எங்கள் நாலு பேரையும் பிடித்தபடி இருந்தார். சோறு அடிப்பிடிக்கிற மணம் வந்த பிறகுதான் ஓடினார். இன்னொரு சட்டியில் பாரை மீன் குழம்பு இருந்தது. மத்தியானம் தாண்டியது. நாங்கள் காலையில் எதுவும் தின்னவில்லை. ஜூன் மாதம் முதல் வயிறாரத் தின்றதுமில்லை. அம்மா போட்டார். சாப்பிட்டோம். நான் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன்.

அப்பா தொடவில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல வரவில்லை. பொழுது சாயும்வரை படலையைப் பார்த்தபடி இருந்தார். இரவு எல்லோரும் படுத்த பிறகு, அடிப்பிடித்ததைச் சுரண்டித் தின்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் அம்மா பானையைத் தேய்த்து அடுப்பங்கரையில் கவிழ்த்து வைத்தார். மூன்று நாட்களில் எங்களையும் எழும்பச் சொன்னார்கள். வீடு பூட்டப்பட்டது. யார் பூட்டினார்கள், பிறகு கூரை ஓடுகளும் நிலையும் கதவும் எந்தப் பக்கம் போயின என்று நான் எழுதத்தான் வேண்டும். எழுதினேன், அழித்தேன். புலிகள் இயக்கத்துக்கு என் வீட்டிலிருந்தும் ஒருவர் போனார், திரும்பவில்லை. இந்தக் கடிதத்தை என் மகன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவான். 2002 இல் கிளிநொச்சியில் உலகச் செய்தியாளர்கள் முன்னால் இயக்கத்தினரே உங்களை வெளியேற்றியதற்கு வருத்தம் தெரிவித்தார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுத என்னால் இன்று முடியவில்லை. ஓடுகளையும் கதவு நிலைகளையும் பற்றி மட்டும் சொல்கிறேன்: கழற்றிக்கொண்டு போன எல்லோரும் வெளியூர் ஆட்கள் அல்ல.

பானையை அம்மா எடுத்து வந்துவிட்டார். திருடவில்லை, கொடுப்பதற்காக. அது எங்களோடு மல்லாகத்துக்குப் போனது, கைதடிக்குப் போனது, முகாமுக்குத் திரும்பியது. பன்னிரண்டு வருடம் அதில்தான் சோறு. அடி ஓட்டையானதும் ஈயம் வைத்து அடைத்தோம். பிறகு அதுவும் போனது. கடைசியில் பழைய இரும்பு எடுப்பவருக்கு நிறுத்துப் போட்டது நான்தான். அம்மாவுக்கு அதை நான் சொல்லவே இல்லை.

இனி நான் ஒன்று கேட்கிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது, முன்னறையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நீ யாரிடமாவது விசாரித்தாயா? 1995 இல், அதே ஒக்டோபர் 30, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது நாங்களும் நடந்தோம். மழையில், இருட்டில், நாவற்குழிப் பாலத்தில் ஓரடி வைக்க ஒரு மணி நேரம். அப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளினோம். தென்மராட்சியில் ஆறு மாதம். அதன் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. உன் உம்மாவுக்கு விற்பதற்கென்று ஒரு உறுதியாவது இருந்தது. மூன்று இலட்சமாவது வந்தது. எங்களுக்கு என்ன வந்தது? பிறகு நான் ஒரு கூரைக்கு ஆசைப்பட்டால், அது மலிவாகக் கிடைத்ததுதான் உன் கண்ணில் படுகிறது.

சரி. இந்தக் கணக்கைப் போட்டால் தோற்பது நான்தான். தெரிந்தும் வருடா வருடம் போட்டுப் பார்க்கிறேன். எங்களுக்கு ஆறு மாதத்தில் திரும்பிவரப் பாதை இருந்தது. நாங்கள் போனபோது ஊரே சேர்ந்து போனது. நீங்கள் போனபோது நாங்கள் இருந்தோம். கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம்.

ஒழுங்கையில் இப்போது உங்கள் ஆட்கள் ஐந்தாறு குடும்பம் வந்துவிட்டார்கள். ‘உங்கள் ஆட்கள்’ என்று எழுதியதும் கை கூசுகிறது, ஆனால் இங்கே பேச்சில் அப்படித்தான் வருகிறது, அவர்களும் என்னை அப்படித்தான் சொல்வார்கள். எதிர்வீட்டு ஹாஜியார் ஒரே கூரைக்குக் கீழே மூன்று மகள்களின் குடும்பங்களோடு இருக்கிறார். ஆலமரத்தைத் தறிக்கப் போன அன்று வந்து மதிலில் கைவைத்து நின்றார். யாருடைய பிள்ளை என்று கேட்டார். சொன்னேன். “முன்னறையில் இருந்த பிள்ளைகளா” என்றார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தன் வீட்டுக் கோடரியை அனுப்பினார். அதில் மன்னிப்பு இருந்ததா, தன் மகள்களில் ஒருத்திக்கு வாங்க நினைத்த வீடு போய்விட்டதே என்ற ஆற்றாமை இருந்ததா, எனக்குத் தெரியாது. கோடரி நல்ல கூர்.

கிணறு இறைத்துவிட்டோம். கல்லும் ஓட்டுத் துண்டும் எட்டுக் கடகம் வந்தன. கிணற்றில் அரைப்பங்கு இன்னும் உன் மாமாவின் பெயரில் இருக்கிறது. அதை என் சட்டத்தரணி ஒரு குறை என்கிறார், எழுதி வாங்கிவிடச் சொல்கிறார். நான் கேட்கப் போவதில்லை. அந்த அரை அப்படியே கிடக்கட்டும். மாதுளை பட்டுவிட்டது. அடியில் இரண்டு தளிர் வந்திருக்கிறது. வேலையாட்களிடம் அதன்மேல் கல் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வீட்டை உனக்கே திருப்பி விற்கலாமே என்று உன் மகள் தொலைபேசியில் விளையாட்டாகச் சொன்னாள். விளையாட்டா என்று தெரியவில்லை. முடியாது, நஸீமா. கடன் 15 வருடத்துக்கு. அம்மா தன் பெயர் போட்ட ஒரு வீட்டில் கிடந்து சாக ஆசைப்படுகிறார். உறுதியில் அம்மாவின் பெயரையும் சேர்த்திருக்கிறேன். எனக்குக் கொடுக்க மனம் இல்லை என்று சொன்னாலும் அது பொய்யாகாது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் பதில் போடு, மற்றதற்கெல்லாம் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. அடுப்படிச் சுவர் முழுக்க விழுந்துவிட்டது, அத்திவாரம்கூடச் சரியாகத் தெரியவில்லை. உம்மாவின் அடுப்பு எந்த மூலையில் இருந்தது? எனக்குக் கிணற்றுப் பக்கம் என்று ஞாபகம். அம்மா மாதுளைப் பக்கம் என்கிறார். மேசன் திங்கட்கிழமை வருகிறார்.

முன்னறை
வசந்தி