அப்பாவுக்கு, சியரா மலையிலிருந்து

த்ரீ ரிவர்ஸ், கலிஃபோர்னியா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? மசினகுடியில் டவர் பாதிப் பேச்சிலேயே போய்விடுவதால் கடிதமாகவே எழுதுகிறேன். "காலமெல்லாம் நான் காட்டுத்தீயை அணைச்சேன், நீ தீ நல்லதுன்னு படிக்கப் போயிருக்கியா?" என்று போன வாரம் கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் வேலை செய்வது செக்கோயா என்ற பிரம்மாண்டமான மரங்களுக்கு நடுவில். சியரா நெவாடா மலையின் மேற்குச் சரிவில் மட்டும்தான் இவை இயற்கையாக வளர்கின்றன. 3,000 வயதைத் தாண்டியவையும் உண்டு. பட்டையே இரண்டடி தடிமன் வரை இருக்கும். தரையோடு ஓடும் தீ அதை ஒன்றும் செய்யாது. காய்கள் கோழிமுட்டை அளவு. பச்சையாகவே பல வருடங்கள் மூடியபடி கிளையில் இருக்கும். கீழே தீ எரிந்து சூடு மேலே போனால் அவை காய்ந்து திறந்து விதை கொட்டும். சருகும் எரிந்துபோயிருப்பதால் விதை நேராக மண்ணில் விழுந்து முளைக்கும். இந்த மரத்துக்குத் தீ வேண்டும் அப்பா.

முன்பெல்லாம் சில வருடங்களுக்கு ஒருமுறை சின்னத் தீ வந்து போயிருக்கிறது. எந்த வருடம் வந்தது என்று தெரியும்படி மர வளையங்களில் அந்தத் தழும்புகள் பதிவாகியிருக்கின்றன. மின்னலாலும் வந்தது, மோனோ பழங்குடியினரும் வைத்தார்கள். கூடை முடைய நேரான குச்சிகள் துளிர்க்கட்டும் என்று புதரைக் கொளுத்துவார்கள். 1850-இல் சட்டம் போட்டு அதைக் குற்றமாக்கினார்கள். அப்புறம் 1935-இல் வனத்துறை ஓர் உத்தரவு போட்டது: எங்கே தீ தெரிந்தாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைக்க வேண்டும். உங்களைப் போலவே உயிரைக் கொடுத்து அணைத்தவர்கள்தான் இவர்களும். ஆனால் அணைக்க அணைக்கச் சருகு சேர்ந்தது, நிழலில் ஃபிர் என்ற ஊசியிலை மரக் கன்றுகள் நெருக்கமாக வளர்ந்தன. தீ உச்சிக்கு ஏற அவையே ஏணியாகின. 2012-இல் தொடங்கிய வறட்சியில் மாநிலம் முழுக்கப் பத்துக் கோடிக்கும் மேல் மரங்கள் பட்டுப்போயின. 2020-லும் 2021-லும் தீ வந்தபோது, உலகில் இருந்த பெரிய செக்கோயாக்களில் 13 முதல் 19 சதவீதம் வரை போய்விட்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அப்படி எரிந்த ஒரு தோப்பில்தான் எங்கள் வேலை. கயிறு கட்டி வட்டம் பிரித்து, மண்டியிட்டுக் கன்றுகளை எண்ணுகிறோம். சுண்டுவிரல் உயரம்தான் இருக்கும், கரிக்கு நடுவில் நீலம் கலந்த பச்சை. ரொம்பக் கடுமையாக எரிந்த இடங்களில் மணிக்கணக்கில் தேடினாலும் ஒன்றிரண்டுதான் கிடைக்கும், விதையே வெந்துபோயிருக்கும். மண்ணையும் பார்ப்போம். சாம்பலை விலக்கி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மண் குடிக்காது, உருண்டு திரண்டு அப்படியே நிற்கும். உறிஞ்ச எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்துக் குறிப்போம். சருகு எரியும்போது அதிலுள்ள மெழுகு ஆவியாகி மண்ணுக்குள் படிந்துவிடுகிறது. அதனால் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடைக்குப் போகிறது. அந்தச் சொட்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

ஆனால் கரிந்த மரங்களில் கருமுதுகு மரங்கொத்தி வந்து உட்கார்ந்துவிடுகிறது. பட்டைக்குள் இருக்கும் வண்டுப் புழுக்கள்தான் அதற்குச் சாப்பாடு. நீங்கள் பார்த்தால் அங்கிருந்து நகரவே மாட்டீர்கள்.

ஜெயன்ட் ஃபாரஸ்ட் என்ற செக்கோயா தோப்பில் பல பத்தாண்டுகளாகவே தேசியப் பூங்காக்காரர்கள் திட்டமிட்டுச் சின்னச் சின்னதாகத் தீ வைத்து வந்திருக்கிறார்கள். 2021 தீ அங்கே வந்தபோது வேகம் குறைந்து தரையோடு நின்றது. நான் படிப்பது இந்தத் தீயைத்தான். சரியான காலத்தில், ஈரம் பார்த்து, காற்று பார்த்து வைக்கிற தீ.

வாடகை வீடு சிறியது, பரவாயில்லை. ஆகஸ்ட் வந்தால் காலையில் எழுந்ததும் புகை அளவைப் பார்த்துவிட்டுத்தான் ஜன்னலைத் திறப்போம். பாஸ்போர்ட், மருந்து, இரண்டு செட் துணி போட்ட பை கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஊரில் எல்லோர் வீட்டிலும் இப்படித்தான். அம்மாவிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்.

முதுமலையில் தீ வைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காடு வேறு, கோடையில் பற்றுகிற தீ வேறு. தை, மாசியில் நீங்கள் வெட்டிய தீத்தடுப்புக் கோடுகள் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கர்நாடகத்தில் பிலிகிரி மலையில் சோலிகர் பழங்குடியினர் கோடைக்கு முன்பே சருகைக் கொளுத்திவந்தார்கள். அதை நிறுத்திய பிறகு உண்ணிச்செடி மண்டிவிட்டது என்று அவர்கள் சொல்வதை ஆராய்ச்சிக்காரர்கள் இப்போது காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எந்தச் சரிவு எந்த வருடம் எரிந்தது, அதற்கப்புறம் அங்கே என்ன முளைத்தது, உண்ணிச்செடி எப்போது வந்தது என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. ஞாபகம் வர வர ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கூட வேலை பார்த்த குறும்பர் தாத்தாக்களிடமும் கேளுங்கள். டிசம்பரில் வரும்போது உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்பு மகள்,
செல்வி