லித்தியம் சாப்பிடுவோருக்குத் தைராய்டு பரிசோதனை

இருமுனை மனநோய் (மனஎழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) சிகிச்சை பற்றிய தங்கள் நாளிதழின் கட்டுரை, அதற்குத் தரப்படும் லித்தியம் மாத்திரையின் பக்கவிளைவாகச் சிறுநீரகப் பாதிப்பை மட்டும் சொல்லி, தைராய்டை விட்டுவிட்டது. லித்தியம் தைராய்டு சுரப்பியில் சேர்ந்து, தைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் கலப்பதைத் தடுக்கிறது; அதனால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். உயர்கிறது. பெண்களுக்கு இந்தப் பாதிப்பு அதிகம். தைராய்டு ஹார்மோன் குறைவதால் வரும் அசதி, எடை கூடுதல், மலச்சிக்கல், எதிலும் நாட்டமின்மை என எல்லாமே மனச்சோர்வு திரும்பிவிட்டதுபோலவே தோன்றும். ரத்தப் பரிசோதனை செய்யாமலேயே மனச்சோர்வு மாத்திரையின் அளவைக் கூட்டிவிடுவது, வெளிநோயாளர் பிரிவில் நான் அடிக்கடி காணும் தவறு.

லித்தியம் தொடங்கும் முன்பும், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறையும் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடு உறுதியானால் லெவோதைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை கொடுத்தே சரிசெய்யலாம்: காலையில் வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி நேரம் முன்பு. இதற்காக லித்தியத்தை நிறுத்த வேண்டியதில்லை. பயந்துபோய்த் திடீரென நிறுத்துவதுதான் ஆபத்து. மனநோய் முன்னைவிட வேகமாகத் திரும்பக்கூடும். லித்தியம் அளவு பார்க்க, கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். அப்போதே டி.எஸ்.எச். பரிசோதனையையும் சேர்த்துவிட்டால் இன்னொரு நாள் அலைச்சல் மிச்சம். மாவட்ட மனநலத் திட்டத்தில் மருந்து வாங்குவோரின் குறிப்பேட்டில், அடுத்த தைராய்டு பரிசோதனைத் தேதிக்கென ஒரு கட்டம் அச்சிடச் சுகாதாரத் துறை ஆவன செய்ய வேண்டும்.

- மனநலச் செவிலியர், திருச்சி