துத்தநாகம் எங்களுக்குச் சத்து மாத்திரை அன்று: மருந்தாளுநர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருந்தாளுநர்களுக்கு,

வணக்கம். நானும் என் அண்ணனும், உடலில் செம்பு தேங்கும் பரம்பரை நோயான வில்சன் நோய் உள்ளவர்கள். அண்ணனுக்குக் கையெழுத்து கோணி, பேச்சுக் குழறி, கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்த பிறகே நோய் பிடிபட்டது. பெற்றோர் இருவரும் இக்குறையுள்ள மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதால் என்னையும் பரிசோதித்தார்கள். அறிகுறி எதுவும் தோன்றும் முன்பே எனக்கும் அது இருப்பது தெரிந்தது. அண்ணன் பெனிசிலமின் உட்கொள்கிறார். நான் அன்றுமுதல் உட்கொள்வது துத்தநாகம் மட்டுமே.

எங்கள் கல்லீரலால் மிகுதிச் செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்ற இயலாது. அன்றாட உணவில் வரும் செம்பு கல்லீரலிலும் மூளையிலும் தங்கிவிடுகிறது. பெனிசிலமின், தேங்கிய செம்பைப் பற்றிச் சிறுநீரில் இறக்குகிறது. துத்தநாகமோ குடலின் உட்சுவர்ச் செல்களில் மெட்டலோதயோனின் என்னும் புரதத்தைப் பெருக்குகிறது. அப்புரதம் செம்பை இரத்தத்துக்குள் விடாமல் பிடித்துவைத்துக்கொள்ள, சில நாள்களில் அச்செல்கள் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடுகிறது. நெதர்லாந்தில் 1960களின் தொடக்கத்திலேயே ஸ்கௌவிங்க் என்ற மருத்துவர் இம்முறையைக் கையாண்டார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் புரூவர் பல்லாண்டுகள் நடத்திய ஆய்வுகளுக்குப் பின், 1997இல் அமெரிக்கா துத்தநாக அசிடேட்டை இந்நோய்க்கான மருந்தாக ஏற்றது.

பெரியவர்களுக்கான வழக்கமான அளவு, நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 50 மில்லிகிராம் துத்தநாகம், அதுவும் வெறும் வயிற்றில். மாத்திரையில் துத்தநாகம் தனியாக இராது, சல்பேட், அசிடேட் போன்ற உப்புச் சேர்மமாகவே இருக்கும். இங்கே 50 என்பது அந்த உப்பின் எடை அன்று, அதிலுள்ள துத்தநாகத்தின் எடை. துத்தநாக சல்பேட்டாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 220 மில்லிகிராம் வேண்டும். ஒருமுறை ஒரு கடையில் எனக்கு 50 மில்லிகிராம் சல்பேட் மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். நானும் எண்ணைப் பார்த்து நம்பி, இரண்டு மாதம் கால் பங்கு மருந்தையே விழுங்கியிருக்கிறேன். 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையில் துத்தநாகம் இறங்கியும் செம்பு ஏறியும் இருந்ததைக் கண்டு மருத்துவர்தான் பிடித்தார். உடலில் எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை என்பதே இதில் அச்சந்தரும் செய்தி.

ஆகவே உங்களை வேண்டுவது இது. துத்தநாகச் சீட்டோடு ஒருவர் வந்தால், எதற்காக என்று ஒரு சொல் கேளுங்கள். வில்சன் நோய் என்றால், அட்டையில் அச்சிட்டிருப்பது உப்பின் எடையா, துத்தநாகத்தின் எடையா என்று பார்த்துக் கொடுங்கள். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கான 20 மில்லிகிராம் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் மாற்றாகத் தராதீர்கள். துத்தநாகம் கலந்த பல்சத்து மாத்திரையை ஒருபோதும் தராதீர்கள். அவற்றுள் பலவற்றில் நாங்கள் தவிர்க்க வேண்டிய செம்பே சேர்ந்திருக்கிறது.

கையிருப்பு இல்லையெனில், அடுத்த வாரம் வரும் என்று காக்க வைக்காமல் அன்றே சொல்லிவிடுங்கள். நாங்கள் வேறிடம் தேடிக்கொள்கிறோம். வாழ்நாள் முழுதும் இதை நிறுத்த எங்களுக்கு வழியில்லை.

இப்படிக்கு,
வில்சன் நோயுள்ள உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்