தடுக்கப்பட்ட ஸ்கேனுக்குப் பச்சை டிக்: வலைத்தளப் பாதுகாப்பு ஸ்கேனர் சேவை மீது புகார்

அனுப்புநர்
குத்துவிளக்கு ஆன்லைன் விற்பனையாளர்,
நாச்சியார்கோயில், கும்பகோணம் வழி,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஸ்கேன் நடக்காமலே "பாதுகாப்பானது" என்று ரிப்போர்ட் தந்தது – சந்தாவைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் தளத்தில் மால்வேர் (கெடுதல் செய்யும் புரோகிராம்) இருக்கிறதா என்று தினமும் பார்க்கும் உங்கள் ஸ்கேனருக்கு ஒரு வருடச் சந்தாவை முழுவதும் முன்கூட்டியே கட்டியிருக்கிறேன். சாட், மெயில், போன் எல்லா வழியிலும் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புது டிக்கெட், புது ஆள், "கேச் க்ளியர் பண்ணுங்க சார்" என்ற அதே பதில். அதனால் எழுத்திலேயே தருகிறேன். விஷயம் தெரிந்த ஒருவர் கையில் இது போய்ச் சேரும்படி தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஸ்கேனர் எங்கள் தளத்துக்குள் நுழையவே இல்லை. யார் யார் வந்தார்கள் என்று சர்வர் குறித்து வைக்கும் ஆக்சஸ் லாகில் உங்கள் ஸ்கேனரின் யூசர் ஏஜென்ட் பெயரை (வருகிற புரோகிராம் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர்) போட்டுத் தேடினால் வரும் வரிகள் எல்லாமே 403, அதாவது அனுமதி மறுப்பு. பக்கம் சரியாகக் கிடைத்ததைக் குறிக்கும் 200 ஒன்றுகூடக் கிடையாது. ஸ்கேனர் அனுப்பும் சோதனைக் கோரிக்கைகள் தாக்குதல் மாதிரியே இருக்கும் என்பதால் ஹோஸ்டிங்கில் ஓடும் மாட்செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு மென்பொருள் தடுத்திருக்கிறது. அது அதன் வேலை. உங்களுக்குக் கிடைத்தது "அனுமதி இல்லை" என்று சொல்லும் நாலு வரிப் பக்கம். அதில் மால்வேர் இல்லை என்று பார்த்துவிட்டு, தளமே சுத்தம் என்று தினமும் காலையில் பச்சை டிக் போட்டு மெயில் அனுப்பியிருக்கிறீர்கள். பூட்டிய கதவை வெளியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே திருடன் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் எப்படி? 403, 406, 503 போன்ற தோல்விக் குறியீடுகள் வந்தால் "ஸ்கேன் முடியவில்லை" என்று சிவப்பில் காட்ட வேண்டும் என்பது உங்கள் பொருளைச் செய்த உங்களுக்குத் தெரியாதா?

ஸ்கேனர் எந்த ஐபி முகவரிகளிலிருந்து வருகிறது என்ற பட்டியல் கொடுத்திருந்தால், ஹோஸ்டிங்காரரிடம் சொல்லி அன்றைக்கே அனுமதிப் பட்டியலில் சேர்த்திருப்பேன். அந்தப் பட்டியல் உங்கள் கையேட்டில் இல்லை. கேட்டதற்கும் பதில் இல்லை.

அந்தப் பச்சை மெயில்கள் வந்துகொண்டிருந்த அதே நாட்களில், கூகுளில் தேடி மொபைலில் எங்கள் தளத்தைத் திறந்தவர்கள் வேறு ஏதோ சூதாட்டப் பக்கத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் முகவரியை நேராக அடித்தால் தளம் ஒழுங்காகத் திறக்கும். பக்கத்தைக் கேட்டு வாங்கும் கர்ல் கட்டளையில், கூகுளிலிருந்து மொபைலில் வருபவர் போல மொபைல் யூசர் ஏஜென்ட்டும் கூகுள் ரெஃபரரும் கொடுத்துக் கேட்டால், வேறு பக்கத்துக்குப் போ என்னும் 302 வந்தது. இது புதுத் தந்திரம் இல்லை, இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்கள் தளம் ஓடும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் விளக்குப் படங்களுக்கு நடுவே ஒரு பிஎச்பி ஃபைல் (சர்வரில் ஓடும் நிரல்) உட்கார்ந்திருந்தது. படம் வைக்கிற இடத்தில் பிஎச்பிக்கு என்ன வேலை? வெளியிலிருந்து பார்க்கும் ஸ்கேனுக்கு அது அகப்படாது. சர்வருக்குள் போய்ப் பார்க்கும் ஸ்கேன்தான் பிடிக்கும். அதற்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கினீர்கள். ஆனால் சர்வருக்குள் நுழைய விவரம் கேட்கும் உங்கள் எஸ்எஃப்டிபி படிவத்தில் போர்ட் (இணைப்பு வாசல் எண்) 22 என்று பூட்டி வைத்திருக்கிறீர்கள். பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் பல இடங்களில் வேறு போர்ட்தான், எங்களுக்கும் அப்படித்தான். மாற்ற வழியில்லாததால் சர்வர் ஸ்கேன் ஒரு நாளும் ஓடவில்லை. அதற்கும் பச்சை டிக்!

இதைச் சொன்னபோது உங்கள் சப்போர்ட்டில் பேசியவர் சொன்ன பதில்: "ரிப்போர்ட் பச்சைன்னா சைட் சேஃப். உங்களுக்குப் புரியலைன்னா விவரம் தெரிஞ்ச ஆள் யாரையாவது லைன்ல வரச் சொல்லுங்க." லாக் அனுப்புகிறேன் என்றேன். "அதெல்லாம் எங்களுக்கு வேண்டாம்" என்று போனை வைத்துவிட்டார். காசு கொடுத்தவனிடம் பேசுகிற பேச்சா இது? அழைப்புகளைப் பதிவு செய்வதாக ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறீர்கள். எடுத்துக் கேளுங்கள்.

தொடக்கத்திலேயே இதே கதைதான். டொமைன் (தள முகவரி) எங்களுடையதுதான் என்று காட்ட, முகவரிப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் டிஎக்ஸ்டி ரெக்கார்டு என்னும் குறிப்பு வரியைப் போடச் சொல்கிறது உங்கள் கையேடு. பெயர்க் கட்டத்தில் டொமைனோடு சேர்த்து முழுப் பெயரையும் போடு என்கிறது. நிறைய ஹோஸ்டிங் பேனல்களில் டொமைன் பெயரைப் பேனலே பின்னால் ஒட்டிக்கொள்ளும். அப்போது டொமைன் இரண்டு முறை வந்து ரெக்கார்டு வேறெங்கோ போய் நிற்கும். நான் டிஎன்எஸ் பதிவுகளைக் காட்டும் என்எஸ்லுக்அப் கட்டளையில் பார்த்து, முன்பகுதியை மட்டும் போட்டுச் சரிசெய்தேன். அதன் பிறகும் "சரிபார்க்க முடியவில்லை" என்றே வந்தது. காரணம், ரெக்கார்டு பரவுவதற்கு முன்பே பட்டனை அழுத்தச் சொல்கிறீர்கள். "அப்படி ரெக்கார்டு இல்லை" என்ற பதிலை அந்தப் பதிவுகளைத் தேடித் தரும் உங்கள் டிஎன்எஸ் ரிசால்வர் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்குள் எத்தனை தடவை அழுத்தினாலும் அதே பதில்தான். இதைக் கையேட்டில் ஒரு வரியில் எழுதியிருக்கலாமே.

அப்படி எழுதாமல் என்ன செய்தீர்கள்? சான்றுகளோடு நேரில் வந்தால் உடனே முடித்துத் தருகிறோம் என்று திருச்சி அலுவலகத்துக்கு வரச் சொன்னீர்கள். ஐப்பசி மழையில் கும்பகோணம், தஞ்சாவூர் என்று பஸ் மாறிப் போய் நின்றால், "இது சேல்ஸ் ஆபீஸ், டெக்னிக்கல் எல்லாம் ஆன்லைன்லதான்" என்கிறார்கள். டிஎன்எஸ் ரெக்கார்டை நேரில் எதைக் காட்டிச் சரிபார்ப்பது? வரச் சொன்னவர் யார் என்று கேட்டதற்கும் அங்கே பதில் இல்லை.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரங்களில்தான் அன்ன விளக்குக்கு ஆர்டர் குவியும். சரியாக அப்போது குரோமில் எங்கள் தளத்தைத் திறந்தால் சிவப்பு எச்சரிக்கை. ஃபைலை நீக்கி, பாஸ்வேர்டுகளை மாற்றி, கூகுளின் சர்ச் கன்சோலில் மறுபரிசீலனை கேட்டு, அது நீங்குவதற்குள் சீசனே முடிந்துவிட்டது. எங்கள் வருட வியாபாரமே போயிற்று. பட்டறையில் வார்ப்பும் கடைசலும் பார்ப்பவர்களின் கூலியும் இதில்தான் இருக்கிறது. பரம்பரையாகச் சம்பாதித்த பெயரை உங்கள் பச்சை டிக் கெடுத்துவிட்டது.

நான் கேட்பது அதிகம் இல்லை. சந்தாத் தொகை முழுவதையும் திருப்பித் தாருங்கள். சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எங்கள் சர்வர் தந்த பதில் குறியீட்டோடு உங்கள் பக்கத்து லாகை அனுப்புங்கள். போனில் அப்படிப் பேசியதற்கு எழுத்தில் வருத்தம் தெரிவியுங்கள். ஐபி பட்டியலையும் போர்ட் மாற்றும் வசதியையும் மற்ற வாடிக்கையாளர்களுக்காவது கொடுங்கள். உங்கள் பச்சை டிக்கை நம்பி இன்னும் எத்தனை கடைக்காரர்கள் இருக்கிறார்களோ.

நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் 2020-இன்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது உங்கள் கடமை. இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வியாபாரத்துக்கு வாங்கியது என்று தட்டிக்கழிக்க முடியாது, சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவரும் நுகர்வோர்தான். ஆக்சஸ் லாக், உங்கள் பச்சை மெயில்கள், பணம் கட்டிய ரசீது மூன்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அது வரைக்கும் போகாமல் நீங்களே முடித்துத் தருவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்,
நாச்சியார்கோயில்.