47 நொடிகள்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

சென்ற வாரம் நீ வெளியிட்ட காணொளியை நான்கு முறை பார்த்தேன். முதல் முறை, உன் கையில் தூண்டில் கோலை முதன்முதலாகக் கொடுத்தவன் என்ற பெருமையோடு பார்த்தேன். இரண்டாம் முறை மீனை மட்டும் பார்த்தேன். மூன்றாம் முறை மீனுக்குப் பின்னால் தெரிந்தவற்றைப் பார்த்தேன். நான்காம் முறை கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு பார்த்தேன். முள்ளைக் கழற்றியதிலிருந்து அந்த மீன் மறுபடி தண்ணீரைத் தொடும் வரை 47 நொடிகள் ஆகின்றன. அதுவும் நீ வெட்டி ஒட்டியது போக எஞ்சிய 47 நொடிகள். உண்மையில் எவ்வளவு நேரம் என்பது உனக்கும் அந்த மீனுக்கும்தான் தெரியும்.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இது உன் ஒருவனுடைய தவறு அன்று. அமெரிக்க நன்னீர் மீனான பாஸைப் பிடிக்கும் விளையாட்டு முழுவதுமே இன்று கைப்பேசியை முன்னே விட்டு அதன் பின்னால் நடக்கிறது. நீயும் அந்தக் கூட்டத்தோடு நடந்திருக்கிறாய். அதனால்தான், உன்னிடம் கேட்டுக்கொண்டு, எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த மீனைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று பவுண்டு இருக்கும். நீ அதைத் திருப்பிக் காட்டும்போது வாலின் கீழ் விளிம்பு தேய்ந்து, இரத்தம் கட்டிச் சிவந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. வசந்த காலத்தில் தண்ணீரின் வெப்பம் 60 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும்போது, பெருவாய் பாஸ் என்ற இந்த இனத்தின் ஆண் மீன் கரையோரத்து ஆழமற்ற பகுதிக்கு வந்து, வாலால் சேற்றை விலக்கி வட்டமாக ஒரு கூடு அமைக்கும். பெண் மீன் முட்டையிட்டுப் போன பிறகு, முட்டைகளையும் பின்னர் குஞ்சுகளையும் காவல் காப்பது அந்த ஆண்தான். வால் சிவந்தது அந்த வேலையால். அதற்குப் பசி இல்லை. கூட்டுக்குள் விழுவது எதுவானாலும் அதை வெளியேற்றத்தான் வாயில் கவ்வுகிறது. நீ அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, எந்த நிறப் போலி இரை, எந்த எடை முள் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, காவல் இல்லாத கூட்டைச் சுற்றி புளூகில் என்ற சிறு மீன்கள் வந்திருக்கும். முட்டைகளைத் தின்று தீர்க்க அவற்றுக்குச் சில நிமிடங்கள் போதும்.

நானும் இளமையில் கூட்டைக் காக்கும் மீன்களைப் பிடித்தவன்தான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டமும் இதைத் தடுக்கவில்லை. ஆனால் குனிந்து, தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி, அதே இடத்தில் விட்டிருந்தால் அது உடனே தன் கூட்டுக்குத் திரும்பியிருக்கும். நீ அப்படிச் செய்யாததற்கு ஒரே காரணம், மூன்று கால் தாங்கியின் மேல் நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்த கேமராதான்.

இப்படிச் சொல்வதால் நான் கேமராவுக்கு விரோதி என்று முடிவு கட்டிவிடாதே. இந்த விளையாட்டில் மீனுக்கு உயிர்ப்பிச்சை கிடைத்ததில் புகைப்படத்துக்கும் பங்கு உண்டு. பிடித்த மீன்களைக் கயிற்றில் கோத்துத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு கரையேறுவதுதான் ஒரு காலத்தில் அமெரிக்காவின் வழக்கம். அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்காட், 1967-இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் போட்டி நடத்தி, அதையடுத்துத் தம் பாஸ் சங்கத்தைத் தொடங்கினார். 1972-இல் அந்தச் சங்கத்தின் போட்டிகளில், பிடித்த மீனை உயிரோடு ஏரியில் விடும் முறையைக் கொண்டுவந்தார். மீனை விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவனிடம் நாலு பேருக்குக் காட்ட எஞ்சியது புகைப்படம் மட்டுமே. உலகச் சாதனை மீனையே எடுத்துக்கொள். ஜார்ஜ் பெரி 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவின் மாண்ட்கோமரி ஏரியில் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன், எடை போட்டு முடிந்ததும் வீட்டுக்குப் போய் அடுப்பேறியது. சாதனை நிலைத்தது, அன்றிலிருந்து இன்று வரை அதைப் பற்றிய சந்தேகமும் நிலைத்திருக்கிறது. ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா 2009 ஜூலை 2 அன்று பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்ஸுக்கும் சற்றுக் குறைவாகவே கூடுதலாக இருந்தது. பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸ் கூடுதல் வேண்டும் என்ற விதியால் இரண்டும் சமமாகவே பதிவாயின. அந்தச் சமநிலையைப் பெறுவதற்கே அவர் பொய் கண்டறியும் சோதனைக்கு உட்பட வேண்டியிருந்தது.

இதைவிட எனக்குப் பிடித்த கதை கலிபோர்னியாவின் டிக்சன் ஏரியில் வாழ்ந்த ஒரு பெண் மீனுடையது. செவுளின் அருகே ஒரு கரும்புள்ளி இருந்ததால் அதை டாட்டி என்று அழைத்தார்கள். 2003-இல் 21 பவுண்டு 11 அவுன்ஸ் எடையோடு பிடிபட்டு விடப்பட்டது. 2006 மார்ச்சில் மேக் வீக்லி அதையே மறுபடி பிடித்தபோது கைத்தராசு 25 பவுண்டு 1 அவுன்ஸ் காட்டியது. ஆனால் தூண்டில் வாயில் மாட்டாமல் உடலில் மாட்டியிருந்தது. அவர் படமெடுத்துவிட்டு மீனை விட்டுவிட்டார், சாதனைக்கும் விண்ணப்பிக்கவில்லை. 2008-இல் அது செத்து மிதந்தபோது, அந்தப் புள்ளியை வைத்துத்தான் இன்ன மீன் என்று அறிந்தார்கள். ஒரு மீனுக்கு இப்படி ஒரு வாழ்க்கை வரலாறு கிடைத்ததற்குக் காரணம் படங்களே அல்லவா?

கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் இருந்து மீன் பிடிக்கும் போட்டிகளைப் பார். அங்கே தராசும் இல்லை, மீனை மாலை வரை அடைத்து வைக்கும் தொட்டியும் இல்லை. அளவுப் பலகையில் மீனைக் கிடத்தி, அன்றைக்குக் கொடுத்த அடையாளக் குறியோடு ஒரு படம் எடுத்துச் செயலியில் ஏற்றிவிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். மற்றப் போட்டிகளில் இருபது மைல் படகில் பயணம் செய்து, மேடையேறி, கைதட்டல் வாங்கி, தெரியாத துறையில் விடப்படும் மீனைவிட இந்த மீன் பாக்கியசாலி. அதே கைப்பேசிதான், அதே கேமராதான். ஆனால் அங்கே படம் எடுப்பது மீனைச் சீக்கிரம் விடுவதற்காக; உன் காணொளியில் மீனை விடாமல் வைத்திருந்தது படத்துக்காக. நான் சொல்ல வந்தது இந்த ஒரு வேறுபாட்டைத்தான்.

படம் சாட்சியாக இருந்தவரை ஒன்று போதும். அதுவே விளைச்சலாக மாறிவிட்டால் போதும் என்பதே இல்லை. வெளிச்சம் சரியில்லை, இன்னொன்று. முகம் மறைகிறது, இன்னொன்று. மீன் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கையை முன்னால் நீட்டு. கனமான மீனைத் தாடையில் மட்டும் பிடித்துப் படுக்கைவாட்டில் சாய்த்தால் அதன் முழுப் பாரமும் தாடையெலும்பில் இறங்கும்; வயிற்றுக்கு அடியில் ஈரக் கையைக் கொடுத்துத் தாங்க வேண்டும் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். உலர்ந்த கையும் படகின் தரைவிரிப்பும் அதன் மேலுள்ள வழுவழுப்பைத் துடைத்தெடுத்துவிடும். நோய் அண்டாமல் காக்கும் மேலாடை அது. இவையெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் கேமராவின் முன் மறந்துபோகிறது.

இனி மீனுக்குப் பின்னால் இருந்தது. காணொளியின் நடுவில், பதினொரு நொடிகள், உன் இடது தோளுக்கு மேல் ஒரு தண்ணீர்த் தொட்டியும் அதன் மேல் எழுதிய எழுத்துகளில் பாதியும் தெரிகின்றன. நீ இடத்தின் பெயரைச் சொல்லவில்லை, நேர்மையாகவே மறைத்தாய். ஆனால் செயற்கைக்கோள் வரைபடம் கையில் இருப்பவனுக்குப் பாதி எழுத்தும் ஒரு கரை வளைவும் போதும். நான்கு நாள் கழித்து நான் அங்கே போனபோது, வழக்கமாக இரண்டு கார் நிற்கும் இடத்தில் ஒன்பது நின்றன. சாய்ந்த மரத்தின் கிளையில் மூன்று புதிய இரைகள், அறுந்த தூண்டில் நரம்போடு ஆடிக்கொண்டிருந்தன. கூடு இருந்த மேட்டின் மேல் ஒருவர் முழங்கால் நீரில் நின்றுகொண்டிருந்தார்; தன் காலடியில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பெரிய நீர்த்தேக்கங்களுக்கு இது வேறு கணக்கு. டெக்சாஸின் ஓ. எச். ஐவி ஏரியில் 2021 முதல் 13 பவுண்டுக்கு மேற்பட்ட மீன்கள் அடுத்தடுத்துப் பிடிபட்ட செய்தி பரவியபோது, நாடெங்குமிருந்து படகுகள் வந்து குவிந்தன. பல ஆயிரம் ஏக்கர் பரப்புள்ள ஏரி அதை ஓரளவு தாங்கும். மாநில அரசும் அத்தகைய மீன்களைக் கடன் வாங்கிக் குஞ்சு பொரிக்க வைக்கும் ஷேர்லங்கர் திட்டத்தை 1986 முதல் நடத்திவருகிறது. அங்கே ஊரைக் கூட்டுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. பத்து ஏக்கர்கூட இல்லாத நம் குளத்தை அப்படிக் கவனிக்க யாரும் இல்லை. பெரிய மீன்கள் அதில் எத்தனை இருந்துவிடும்? ஒரே மீன் ஒரே மாதத்தில் பல கைகளில் ஏறி இறங்கும். பின்னர் எந்த இரையைக் கண்டாலும் விலகிப் போகும்.

ஆனாலும் நீ கற்றுக்கொண்டதெல்லாம் இதே காணொளிகளிலிருந்துதான் என்பதை நான் மறைக்க மாட்டேன். எங்கள் காலத்தில் ஒரு புதிய உத்தி மாத இதழில் அச்சாகி வந்து சேர வேண்டும். இதழை வாங்கிய நண்பன் அதை இரவல் தர மனம் வைக்க வேண்டும். 2011 அக்டோபரில் கன்டர்ஸ்வில் ஏரியில் பால் எலியாஸ் என்ற போட்டியாளர் ஐந்து இரைகளை ஒரே கம்பிக் குடையில் கட்டி வென்றபோது நான் முதன்முதலாக வேறொரு வேகத்தைக் கண்டேன். போட்டி முடிந்த சில நாட்களுக்குள் அலபாமா ரிக் என்ற அந்தக் கம்பிக் குடையைக் கடைகளில் தேடி அலைந்தார்கள்; அடுத்த ஆண்டே பாஸ் சங்கம் தன் உயர்நிலைப் போட்டிகளில் அதைத் தடை செய்தது. படகும் இல்லாமல், சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லாமல், கரையில் நின்று பழகும் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ இந்த வேகம் பெரிய வரம். முள்ளுக்குக் கீழே ஈயக்குண்டு தொங்கும் டிராப் ஷாட் முடிச்சை நான் பத்து ஆண்டில் பழகினேன்; அதை நீ ஒரே மாலையில் போட்டுக் காட்டியபோது எனக்கு வந்தது கொஞ்சம் பொறாமையும்தான்.

ஆனால் காணொளியில் கற்க முடியாதது ஒன்று உண்டு. அதை நீயே உன் காணொளியிலிருந்து வெட்டி எறிந்துவிட்டாய். அன்று நீ ஆறு மணி நேரம் மீனின்றி நின்றாய் என்று உன் அம்மா சொன்னாள். பார்த்தவர்களுக்குத் தெரிந்ததோ நான்கு நிமிடத்தில் மூன்று மீன். தமிழில் ரீல் என்பதற்கு மூன்று பொருள் உண்டு: நரம்பைச் சுற்றுவது ஒன்று, இன்ஸ்டாகிராமில் போடுவது ஒன்று, நண்பர்களிடம் விடுவது ஒன்று. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகிவிட அதிக நேரம் பிடிக்காது. உன் காணொளியைப் பார்த்துவிட்டு முதல் முறையாக ஏரிக்குப் போகிற ஒருவன், மூன்றாம் மணி நேரத்தில் தனக்குத் திறமை இல்லை என்று நினைத்துக் கோலை மடக்கிவிடுவான். அந்த ஆறு மணி நேரத்தில் நீ காற்று திரும்பியதைக் கவனித்து எதிர்க்கரைக்கு மாறினாய் அல்லவா? அதைக் காட்டியிருந்தால் அவனுக்கு உதவியிருக்கும்.

உன் பின்தொடர்வோர் எண்ணிக்கையைப் பார்த்து ஓர் இரைத் தயாரிப்பு நிறுவனம் உனக்குக் கடிதம் எழுதியிருப்பதாகச் சொன்னாய். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? போட்டியில் வென்றவர்களுக்கு மட்டுமே கிடைத்துவந்த ஆதரவு இப்போது நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்கும் கிடைக்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒப்பந்தத்தில் வாரத்துக்கு எத்தனை மீன் காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்களா என்பதை மட்டும் படித்துப் பார். அப்படி எழுதியிருந்தால், கூடு கட்டும் பருவத்திலும் நீ பிடித்துக் காட்டியாக வேண்டியிருக்கும்.

போட்டியில் கலந்துகொள்ளும் ஆசை இருக்கிறது என்றாய். பெரிய தொழில்முறைப் போட்டிகளில், மீன் எங்கே இருக்கிறது என்று பிறரிடம் கேட்டறிவதே விதிமீறல். உன் காணொளிக்கு வரும் பதில்களில், எந்த ஓடையில் போட்டால் கிடைக்கும் என்று தாமாகவே எழுதுகிறவர்கள் நிறைய. பழக்கமாகிவிட்டால் பின்னால் விடுவது கஷ்டம்.

காணொளியை நீக்க வேண்டியதில்லை; தண்ணீர்த் தொட்டி தெரியும் பதினொரு நொடிகளை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி ஏற்று. வரும் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வருகிறேன். அளவுப் பலகையை நான் கொண்டுவருகிறேன். நீ அந்த மூன்று கால் தாங்கியை வீட்டில் விட்டுவிட்டு, கைப்பேசியை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வா. அந்தக் குளத்துக்குப் போக வேண்டாம். ஜூன் வரை அதை விட்டுவைப்போம்.

அன்புடன்,
உன் மாமா